இரண்டாம் மாடி இன்ஜினியர்

ஜனவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். இரத்த அழுத்த மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டால் "நான் என்ன சின்னக் குழந்தையா" என்பீர்கள். அதனால் கேட்கவில்லை. என் வலது முட்டி இன்னும் வம்பு செய்கிறது. ஆனாலும் டிரைவிங் ஸ்கூலை மூடவில்லை. பயிற்சி வண்டியில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கிறது; அதை மிதிக்கும் அளவுக்கு முட்டி ஒத்துழைத்தால் போதும்.

இந்த விஷயத்தைப் போனில் சொன்னால் பாதியிலேயே வைத்துவிடுவீர்கள். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் பிறகு எடுத்துப் படிப்பீர்கள் என்று எழுதுகிறேன்.

என்னிடம் வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஒரு வங்கிக்காரர் விடுமுறைக்குப் போய் வந்தார். தங்கியது அந்த ஆற்றங்கரைப் பழைய ஓட்டலில். போன வருடம் அண்ணன் தூக்கத்திலேயே கண்மூடினானே, அதே ஓட்டல். அங்கே பேய் உண்டு என்பது எல்லோரும் அறிந்த கதைதான். அந்த ஓட்டலைக் கட்டிய முதலாளியின் மனைவி பட்டுத்துணி சரசரக்கப் படியிறங்குவாளாம். சாயங்காலமானால் விருந்தினர்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு இடமாகக் காட்டுகிறார்கள். இப்போது அந்தச் சுற்றில் புதிதாக ஒருவர் சேர்ந்திருக்கிறாராம்.

"ரெண்டாவது மாடி கடைசி ரூம்ல ஒரு இன்ஜினியர் இருக்காருங்க மேடம். செத்தும் ரூமைக் காலி பண்ணலைன்னு கைடு சொன்னான். எல்லாரும் சிரிச்சோம்" என்றார்.

நான் சிரிக்கவில்லை. என்னையறியாமல் பிரேக்கை மிதித்துவிட்டேன். பின்னால் வந்தவர்கள் எல்லாம் ஹார்ன் அடித்தார்கள்.

ரயில் பாலத்தைப் பரிசோதிக்க வருடா வருடம் அந்த ஊருக்குப் போய் அதே அறையில் தங்கிய இன்ஜினியர் வேறு யார் அண்ணி? முட்டி இருக்கிற இருப்பில் நான் போக முடியாது. நீங்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். அது அண்ணன்தானா என்று உங்களைவிட உறுதியாகச் சொல்லக்கூடியவர் யாரும் இல்லை.

உங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்தபடி,
நாத்தனார்

*

ஜனவரி 20

அன்புள்ள நாத்தனாருக்கு,

கடிதம் கிடைத்தது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன். முட்டிக்கு நல்ல மருத்துவரைப் பார். உன் மாணவர்கள் சொல்லும் எண்ணெயை எல்லாம் தடவாதே.

உன் அண்ணன் உயிரோடு இருந்தபோது அழைக்காத வீட்டுக்குப் போனவர் இல்லை. போன வீட்டில் கொடுத்த நாற்காலியை விட்டு எழுந்தவரும் இல்லை. அப்படிப்பட்டவரைக் கண்காட்சிப் பொருளாக்கி, விருந்தினர்கள் சிரிக்கிறார்கள் என்றால் அது அநியாயம். இறந்தவருக்கும் மரியாதை உண்டு. நான் போகிறேன். பேயைப் பார்க்க அல்ல, அதை நிறுத்த.

கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு மூன்று நாளில் திரும்பிவிடுவேன்.

உன் நலம் விரும்பும்,
அண்ணி

*

பிப்ரவரி 4

அன்புள்ள நாத்தனாருக்கு,

சுகமாக வந்து சேர்ந்தேன். பயணத்தில் கால் சற்று வீங்கியது, இப்போது சரியாகிவிட்டது.

ஓட்டல் பெரியது, பழையது, பராமரிப்பு போதாது. கூடத்தில் தொங்கும் கண்ணாடி விளக்கில் பாதி எரியவில்லை. மாடிப்படியின் பித்தளைக் கைப்பிடி, மனிதர் கை படும் இடத்தில் மட்டும் பளபளக்கிறது. சுவரில் மாட்டிய படங்களில் ஒன்றாவது நேராக இல்லை. மேனேஜர் சின்ன வயது, கழுத்துப்பட்டை தளர்ந்திருந்தது. "நான் யார் தெரியுமா?" என்று கேட்டேன். சொன்னதும் அதை இறுக்கிக்கொண்டார். அந்த அறையையே எனக்குத் தரச் சொன்னேன். தந்தார்.

ஒரு கட்டில், ஒரு மேஜை, ஆற்றைப் பார்த்த ஜன்னல், தூரத்தில் அவருடைய பாலம். இவ்வளவுதான். அவர் படுத்திருந்த கட்டிலை மாற்றிவிட்டார்களாம். அதைப் பற்றி நான் மேலே கேட்கவில்லை.

அறைகளைச் சுத்தம் செய்யும் பெண்மணியைக் கூப்பிட்டு உட்காரவைத்து விசாரித்தேன். பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவள்.

"மத்தியானத்துலதாம்மா வருவாரு. மத்த பேய் மாதிரி ராத்திரியில வந்து பயமுறுத்தறதெல்லாம் இல்ல. மத்தியானம் சாப்பிட்டு வந்து படுக்கற மாதிரி வருவாரு."

"வந்து என்ன செய்வார்?"

"பாடுவாரு. சிரிப்பாரு. அது எப்படிச் சிரிப்புங்கறீங்க, கீழ் மாடி வரைக்கும் கேக்கும். நாற்காலியை ஜன்னல்கிட்ட இழுத்துப் போட்டுப்பாரு. ஈரத் துண்டைக் கட்டில்மேல போட்டுடுவாரு. நான் எடுத்து எடுத்துக் காயப்போடறேன்."

"துண்டை நீ பார்த்தாயா?"

"பார்க்காமலா? கட்டில் நனைஞ்சிருக்கும்மா."

"கட்டில் நனைந்திருந்ததா, துண்டு இருந்ததா?"

அவள் யோசித்துவிட்டு, "ரெண்டும்தாம்மா. ஒரு நாள் அது, ஒரு நாள் இது" என்றாள்.

என் முடிவு இது. உன் அண்ணன் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டு நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. குளித்ததும் இரண்டாக மடித்துக் கம்பியில் விளிம்பு சேரப் போடுவார். நாற்காலியைத் தூக்கித்தான் வைப்பார், இழுக்கமாட்டார். பாட்டு அவருக்கு வராது. சத்தமாகச் சிரிப்பது அவர் வழக்கமே இல்லை. ஏதாவது வேடிக்கையாக இருந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். ஆகவே இந்தப் பேய், அப்படி ஒன்று இருந்தாலும், உன் அண்ணன் இல்லை. வேறு யாரோ.

மேனேஜரிடமும் இதைச் சொல்லிவிட்டேன். இனி அவர் பெயரை இழுக்கக்கூடாது, மாலைச் சுற்றில் இந்த அறை வரக்கூடாது. பயந்துபோய் ஒப்புக்கொண்டார். மே மாதத்தில் தச்சர்களை வரவழைத்து இந்த அறையையே துணிகள் வைக்கும் கிடங்காக்கிவிடுவதாகச் சொல்கிறார். இன்னும் சில நாள் இருந்து மேற்பார்வை பார்த்துவிட்டு வருகிறேன்.

அக்கறையுடன்,
அண்ணி

*

பிப்ரவரி 15

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? கால் வீக்கம் மறுபடி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே குளிர் குறைந்துவிட்டது. என் புது மாணவி ஒருத்தி நேற்று வண்டியை ரிவர்ஸில் கொண்டுபோய்ப் பூக்கடையில் சாத்தினாள். நல்லவேளை, பூக்களுக்கு மட்டும்தான் சேதம்.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன். அப்புறம் அழுதேன். எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அண்ணி, அது அண்ணன்தான்.

எங்கள் வீட்டில் அவன் ஈரத் துண்டை என் கட்டிலில் போடுவான். அவன் கட்டில் நனையக்கூடாதாம். நாற்காலியை இழுக்கிற சத்தத்துக்கு அப்பா தினமும் கத்துவார். சாப்பிடும்போது சிரித்துச் சிரித்துப் பால் மூக்கு வழியாக வந்துவிடும். பாட்டு வராது என்கிறீர்கள். உண்மைதான், வரவே வராது. அதற்காகப் பாடாமல் இருந்தானா? ஒரு பாட்டில் இரண்டே வரி தெரியும், அதையும் தப்பாகப் பாடுவான். நான் காதைப் பொத்தினால் இன்னும் சத்தமாகப் பாடுவான்.

துண்டை இரண்டாக மடித்து விளிம்பு சேரப் போடுகிற மனிதரைத்தான் எனக்குத் தெரியாது. உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் பார்த்து, அண்ணனுக்கு இவ்வளவு பொறுப்பு வந்துவிட்டதே என்று நினைத்துக்கொள்வேன்.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்றைக் கேட்கிறேன். நீங்கள் அவனைப் பார்த்தீர்களா? சிரிப்பாவது கேட்டதா?

ஆவலோடு,
நாத்தனார்

*

மார்ச் 20

அன்புள்ள அண்ணிக்கு,

நலமா? ஒரு மாதத்துக்கு மேலாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. வீட்டுக்குப் போன் செய்தேன், யாரும் எடுக்கவில்லை. பக்கத்து வீட்டு டாக்டரம்மாவிடம் கேட்டால், "இன்னும் ஊர்லேருந்து வரலியே, சாவி என்கிட்டதான் இருக்கு" என்கிறார். அப்படியென்றால் இன்னும் அங்கேயேதான் இருக்கிறீர்களா?

என் வாய்தான் உங்களுக்குத் தெரியுமே. அது ஓடிவிடும், பிரேக் பிடிக்கிற கால் மட்டும்தான் என்னிடம் நன்றாக வேலை செய்தது, அதுவும் இப்போது இல்லை. வருத்தப்படும்படி எழுதியிருந்தால் மன்னியுங்கள். திட்டியாவது இரண்டு வரி எழுதுங்கள்.

உங்கள் கோபத்துக்குப் பழகிய,
நாத்தனார்

*

மார்ச் 28

அன்புள்ள நாத்தனாருக்கு,

நலமாக இருக்கிறேன். கோபம் ஏதும் இல்லை. இங்கே தொடர்ந்து மழை, தபால் எடுக்க ஆள் சரியாக வரவில்லை. ஊருக்குத் திரும்பவில்லை. அறையை மூடும் வேலையைக் கடைசிவரை பார்த்துவிடலாம் என்று இருக்கிறேன். தொடங்கியதை முடிக்காமல் எழுந்து போவது எனக்குப் பழக்கமில்லை.

நீ எழுதியது எல்லாம் சிறுவயதுக் கதை. சிறுவயதில் எல்லோரும் அப்படித்தான். மனிதர்கள் வளர்கிறார்கள். நான் எதற்காகவும் உன் அண்ணனைக் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லவேண்டிய தேவையே வந்ததில்லை. திருமணமான புதிதில் ஒன்றிரண்டு தடவை திரும்பிப் பார்த்திருப்பேன், அவ்வளவுதான். புரிந்துகொள்ளக் கூடியவர்.

அறையை இப்போது நானே கவனித்துக்கொள்கிறேன். அந்தப் பெண்மணியின் கைக்கு எதுவும் திருத்தமாக வராது. காலையில் படுக்கை விரிப்பைக் கான்வென்டில் கற்றுக்கொடுத்தபடி நாலு மூலையும் மடித்து இழுத்துச் செருகுகிறேன். துண்டுகளை அடுக்கிவைக்கிறேன். நாற்காலியை மேஜைக்கு உள்ளே தள்ளிவிட்டு, மத்தியானம் சாப்பிட்டதும் கட்டிலின் ஓரத்தில் ஒரு புத்தகத்தோடு உட்காருகிறேன். வெளிச்சம் போகும்வரை உட்காருகிறேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு சத்தமும் இல்லை. இதைத் திட்டவட்டமாகச் சொல்லலாம்.

அவளே நேற்று வாசலில் நின்று சொன்னாள்: "நீங்க வந்ததுலேருந்து ஐயா வர்றதே இல்லம்மா. பாவம், எங்க போனாரோ."

"இல்லாதவர் எங்கே போவார்?" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

ஆக, வந்த காரியம் ஒருவகையில் முடிந்துவிட்டது. அறை அமைதியாக இருக்கிறது.

முட்டி எப்படி இருக்கிறது? எழுது.

அண்ணி

*

ஏப்ரல் 6

அன்புள்ள அண்ணிக்கு,

முட்டியை நல்ல மருத்துவரிடமே காட்டினேன். எண்ணெயை நிறுத்தச் சொல்லிவிட்டார். நீங்கள் ஜெயித்தீர்கள். நீங்கள் மழையில் நனையாமல் இருங்கள்.

உங்கள் கடிதத்தில் எல்லாம் எழுதியிருக்கிறீர்கள், நான் கேட்டதற்கு மட்டும் பதில் இல்லை. இருந்தாலும் எனக்குப் புரிகிறது. அறையை மூட வேண்டியவர் அதற்குள் தினமும் சாயங்காலம்வரை எதற்கு உட்கார வேண்டும்? மேற்பார்வைக்கா? தச்சர்கள் வருவதே மே மாதம்தானே அண்ணி.

அவனுக்காகக் காத்திருக்கிறீர்கள். காத்திருங்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் அந்த அறையை உங்கள் வீடு மாதிரி ஆக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். நாற்காலியை மேஜைக்குள் தள்ளிவிட்டால் அவன் எதை இழுப்பான்?

அண்ணன் உங்களைப் பற்றி ஒரு நாளும் என்னிடம் குறை சொன்னதில்லை. ஒருமுறை நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "என்னடா, வீட்ல ஸ்கூல் பையன் மாதிரி உட்கார்ந்திருக்கே" என்று கிண்டல் செய்தேன். அதற்கு அவன் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "அவ பார்க்கறப்ப நான் நல்ல மனுஷனா இருக்கேன். எனக்கு அது பிடிச்சிருக்கு. உனக்கென்ன போச்சு?"

உண்மையாகத்தான் சொன்னான். ஆனால் நல்ல மனுஷனாக இருப்பதும் ஒரு வேலைதானே அண்ணி. பிடித்த வேலையாகவே இருக்கட்டும். எப்போதாவது காலை நீட்டிப் படுக்க ஒரு இடம் வேண்டாமா? அவனுக்கு அது அந்த ஓட்டல். அங்கே வேறு ஒன்றும் இல்லை, வேறு யாரும் இல்லை. ஒரு ஜன்னல், ஒரு பாலம், ஈரத் துண்டு.

ஒரே ஒரு நாள் படுக்கையை மடிக்காமல் விட்டுவிட்டுத் தோட்டத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள்.

அன்பு குறையாத,
நாத்தனார்

*

ஏப்ரல் 25

அன்புள்ள சிட்டு,

உன் அண்ணன் உன்னை இப்படித்தான் கூப்பிடுவார், நாத்தனார் என்று எழுதினால் நீளமாக இருக்கிறது. நலம். இரண்டு நாள் தலைசுற்றல் இருந்தது, இப்போது இல்லை.

நீ சொன்னபடி செய்து பார்த்தேன். படுக்கையை அப்படியே விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனேன். பெஞ்சில் உட்கார்ந்தேன். விரிப்பு சுருண்டு தரையில் கிடப்பது கண்ணிலேயே நின்றது. ஒரு பத்து நிமிடம் பொறுத்திருப்பேன். திரும்பப் போய் மடித்துவிட்டேன். நீ சிரிப்பாய், சிரி.

போன வாரம் பல் மருத்துவரைப் பார்க்க டவுனுக்குள் போகவேண்டியிருந்தது. சாயங்காலம் வந்து இறங்கினேன். லிஃப்ட் வாசலிலேயே அந்தப் பெண்மணி நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா, ஐயா வந்துட்டாரும்மா. அதே சிரிப்பு. நாற்காலி ஜன்னல்கிட்ட கெடக்கு, போய்ப் பாருங்க. கீழே சமையல்கட்டுல எல்லாருக்கும் கேட்டுச்சு. எங்களுக்கெல்லாம் எவ்வளவு நிம்மதி தெரியுமா?"

போய்ப் பார்த்தேன். நாற்காலி ஜன்னலருகே இருந்தது. அவளே இழுத்துப் போட்டிருக்கலாம். ஜன்னலைத் துடைக்க ஏறியிருக்கலாம். விசாரித்திருக்க வேண்டும். விசாரிக்கவில்லை.

மறுநாளே பக்கத்து அறைக்கு மாறிவிட்டேன். அந்த அறையில் கழிப்பறைக் குழாய் சரியில்லை என்று மேனேஜரிடம் சொன்னேன். சரியாகத்தான் இருந்தது.

மேனேஜர் இன்று வந்தார். தச்சர்கள் அடுத்த வாரம் வருகிறார்களாம். "நீங்க சொன்ன மாதிரியே எல்லாம் ஏற்பாடு பண்ணிட்டேங்க. ஆரம்பிக்கச் சொல்லட்டுமா?" என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். நான் யோசிப்பேன் என்று அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணி

*

மே 3

அன்புள்ள அண்ணிக்கு,

தலைசுற்றலை இரண்டு வரியில் எழுதிவிட்டுப் போனால் எப்படி? மருத்துவரைப் பாருங்கள், பல் மருத்துவரை அல்ல. நான் நலம். கைத்தடி இல்லாமல் மாடி ஏறிவிட்டேன்.

சிட்டு என்று பார்த்ததும் கடிதத்தை மேலே படிக்க முடியவில்லை. கொஞ்ச நேரம் வெளியே போய் வண்டிக்குள் உட்கார்ந்துவிட்டு வந்து படித்தேன்.

மேனேஜருக்கு என்ன பதில் சொன்னீர்கள்? அந்த அறையைத் துணி மூட்டைகளுக்குக் கொடுத்துவிட்டால் அப்புறம் அவன் எங்கே போவான்? முடிவு சொல்வது உங்கள் உரிமை, நான் குறுக்கே வரமாட்டேன். ஆனால் மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். நீங்கள் அவனைப் பார்த்தீர்களா? இந்தத் தடவை மழையையும் குழாயையும் பற்றி எழுதாமல் பதில் எழுதுங்கள்.

உங்கள்,
சிட்டு

*

மே 12

அன்புள்ள சிட்டு,

நீ தடியில்லாமல் மாடி ஏறியது மிகவும் நல்ல செய்தி. மருத்துவரைப் பார்த்தேன். மாத்திரையை மாற்றிக் கொடுத்திருக்கிறார்.

தச்சர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டேன். அறை அப்படியே இருக்கும். மாலைச் சுற்றில் அதைக் காட்டுவதற்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் நிபந்தனைகள் உண்டு. கைடு குரலை மாற்றிப் பேசக்கூடாது. பேய் என்று சொல்லக்கூடாது, இன்ஜினியர் என்று சொல்லலாம். அவர் பரிசோதித்த பாலத்தை ஜன்னல் வழியாகக் காட்ட வேண்டும். நேற்று நானும் பின்வரிசையில் நின்று கேட்டேன். அந்தப் பையன் பாலத்தின் நீளத்தைத் தப்பாகச் சொன்னான். திருத்தினேன். கூட்டத்தில் ஒருவர், "உங்களுக்கு அவரைத் தெரியுமா?" என்று கேட்டார். "கொஞ்சம்" என்றேன்.

இனி உன் கேள்வி. இல்லை. நான் பார்க்கவில்லை. ஒரு நாளும், ஒரு சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. அறைகளைச் சுத்தம் செய்பவளுக்குக் கேட்கிறது, சமையல்கட்டுக்குக் கேட்கிறது, முன்பின் தெரியாத விருந்தினருக்கெல்லாம் கேட்கிறது. எனக்குக் கேட்கவில்லை. பக்கத்து அறையில் இருந்தும் கேட்கவில்லை. நான் நடந்து வரும் சத்தம் அவருக்கு நன்றாகத் தெரியும். கேட்டதும் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொள்வார் என்று நினைக்கிறேன். செத்தபிறகும் என்னிடம் அவருக்கு அவ்வளவு மரியாதை. அதை நான் பெருமையாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவரைக் குற்றம் சொல்லவில்லை. எனக்குக் கொடுத்ததில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை. அதற்கு மேலும் அவரிடம் இருந்திருக்கிறது, அவ்வளவுதான்.

ஜூன் முதல் வாரத்துக்கு அந்த அறையை உன் பெயரில் எடுத்திருக்கிறேன். முட்டியைச் சாக்குச் சொல்லாதே, லிஃப்ட் இருக்கிறது, ரயில் நிலையத்துக்கு வண்டி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். ஓட்டுகிறவரிடம் வழியெல்லாம் குறை சொல்லிக்கொண்டு வராதே. வந்து உன் இஷ்டம்போல இரு. பெட்டியை நடுவில் திறந்து போடு. நான் உள்ளே வரமாட்டேன், எதையும் எடுத்து வைக்கமாட்டேன். மத்தியானம் சாப்பிட்டதும் அவரிடம் பேச்சுக் கொடு. பழைய கதை ஏதாவது சொல்லு. அந்த இரண்டு வரியைப் பாடச் சொல்லிக் கேள். உன்னிடம் அவருக்குக் கூச்சமில்லை.

நான் பக்கத்து அறையில் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருப்பேன். நான் இருப்பதைச் சொல்லிவிடாதே. நடுவில் இருக்கும் சுவர் பிற்பாடு எழுப்பியது, மெல்லியது. அவர் சிரித்தால் கேட்கும்.

பத்திரமாக வந்து சேர்.

உன்,
அண்ணி